தீராத பீனிசம்

1929-ம் வருஷம் ஜனவரி மாதம் 9-ந் தேதி, லண்டன் மாநகரத்துச் செயிண்ட் மேரி வைத்தியசாலையில் ஒரு சிறு காரியம் நடந்தது. பூஞ்சக்காளானிலிருந்து வடித்தெடுத்த ஒரு திரவத்தை அலெக்ஸாண்டர் பிளெமிங் என்னும் ஆராய்ச்சியாளர் தம் உதவியாளரான ஸ்டூவர்ட் கிராடக்கின் மூக்கினுள் செலுத்திக் கழுவினார். கிராடக்குக்குப் பீனிச உபத்திரவம். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் வெற்றறையில் சீழ் சேர்ந்துகொண்டு வெளியேற மாட்டேன் என்று சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. மூக்கினுள் விட்ட அந்தத் திரவந்தான் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பெனிசிலின். யுத்த களங்களிலும் பிரசவ அறைகளிலும் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த அருமருந்து, முதன் முதலில் பரீட்சை கொடுத்தது ஒரு மூக்கறையிலேதான்.

பரீட்சையில் தேறியதா என்று கேட்டால், பாதி தேறியது என்றுதான் சொல்ல வேண்டும். கழுவுவதற்கு முன்பு எடுத்த சளியில் ஸ்டபிலோகாக்கஸ் என்ற கிருமியின் கூட்டங்கள் 100 காணப்பட்டன. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் ஒரே ஒரு கூட்டந்தான் மிஞ்சியிருந்தது. ஆனால் அக்கம் பக்கத்தில் ஏராளமாகக் குடியிருந்த இன்னொரு கிருமி, மருந்தைச் சட்டை செய்யாமல் பிழைத்திருந்தது. கிராடக்கின் பீனிசமும் அவரை விட்டு நீங்கவில்லை. பிளெமிங் இதைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. பெனிசிலினுக்குச் சாகாத அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்ப்பதற்குப் பெனிசிலினே நல்ல சாதனம் என்று அவ்வருஷமே கட்டுரை எழுதினார்!

அந்தப் பிடிவாதக்காரக் கிருமிக்கு இன்று ஹீமோபிலஸ் இன்புளுவென்ஸே என்று பெயர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. பெனிசிலினுக்குப் பின்னால் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆயினும் குழந்தைகளின் மூக்கறைகளில் முக்கியமாகக் காணப்படும் மூன்று கிருமிகளில் அது இன்றும் ஒன்றாக இருந்து வருகிறது. மருந்து அலமாரியில் பாதி காலியான புட்டிகள் வரிசையாக நிற்க, ‘மறுபடியும் மூக்கு ஒழுகுகிறதே!’ என்று தாயார் கவலைப்படும் வீடுகள் எத்தனையோ! டாக்டர் கொடுத்தது நல்ல மருந்துதான்; குழந்தையும் சமர்த்தாகக் குடித்தது; பத்து நாள் சுகமாக இருந்தது; பதினோராவது நாள் பழைய கதை. இது ஏன் என்பதுதான் கேள்வி.

விடை காண வேண்டுமானால் முதலில் அந்த அறைகளைச் சற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

நம் முகத்து எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய வெற்றறைகள் இருக்கின்றன. இவற்றைத்தான் சைனஸ் என்கிறார்கள். கன்னங்களுக்குள் இரண்டு, இரு கண்களுக்கும் நடுவே தேன்கூட்டைப் போலச் சிறு சிறு அறைகள், நெற்றிக்குள் இரண்டு, மண்டையின் நடுப்பாகத்தில் ஆழத்திலே இரண்டு. கன்னத்து அறையை லியனார்டோ டாவின்சி 1489-ம் வருஷத்திலேயே சித்திரமாக வரைந்திருக்கிறார். எனினும் அதை விவரித்து வைத்திய உலகத்துக்கு நன்கு அறிமுகம் செய்தவர் நதானியல் ஹைமோர் என்ற இங்கிலாந்து தேசத்து வைத்தியர். 1651-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் ஒரு விநோதமான கதை இருக்கிறது. ஒரு மாதுக்கு மேற்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பல் இருந்த குழியிலிருந்து ஓயாமல் நீர் கசிந்தது. அந்த அம்மாள் ஓர் இறகின் தண்டை எடுத்து அந்தக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள். அது மேலே மேலே போய்க்கொண்டேயிருந்தது! மூளையையே தொட்டுவிட்டோம் என்று பயந்து வைத்தியரிடம் ஓடினாள். மூளையல்ல, வெறும் அறைதான் என்று அவர் தைரியம் சொல்லி அனுப்பினார்.

இந்த அறைகள் எல்லாம் பிறக்கும்போதே தயாராக இருப்பவையல்ல. சிசுவுக்குக் கன்னத்து அறையும் கண்களுக்கு நடுவிலுள்ள அறைகளும் மிகச் சிறியனவாக இருக்கும். மண்டை நடுவிலுள்ளது மூன்று முதல் ஐந்து வயதுக்குள் உருவாகிறது. நெற்றி அறையோ ஆறேழு வயதுக்கு மேலேதான் தலைகாட்டும். பருவம் வந்த பிறகே முற்றும் வளர்ந்து நிறைவெய்தும். சிலருக்கு அது கடைசிவரை உண்டாவதே இல்லை. ஆகையால் நான்கு வயதுக் குழந்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு ‘வலிக்கிறது’ என்று அழும்போது, ‘இவனுக்கும் அப்பாவைப் போலச் சைனஸ்’ என்று பாட்டியம்மாள் தீர்ப்புக் கூறினால், அப்பீல் செய்ய இடமுண்டு. இல்லாத அறையில் சீழ் கட்ட முடியாதல்லவா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கன்னத்து அறையில் சேரும் நீர் வெளியேற ஒரு வாசல் உண்டு. நம் ஊர்க் கொத்தனார் யாராவது இந்த அறையைக் கட்டியிருந்தால் சலதாரையைத் தரையோரமாக வைத்திருப்பார். இயற்கை அதைக் கூரையோரமாக வைத்திருக்கிறது! தண்ணீர் மேல் நோக்கி எப்படி ஏறும்? ஏற்றுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அறையின் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் கோடிக்கணக்கில் முளைத்திருக்கின்றன. விநாடிக்கு 10 முதல் 15 தடவை வரை அவை ஒரே திசையில் அசைகின்றன. காற்றில் நெல் வயல் அலையலையாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள், அது போலத்தான். சளியின் மெல்லிய படலம் அந்த அலைகளின் மேல் ஏறிக்கொண்டு, தன்னிடம் ஒட்டிய தூசியையும் கிருமியையும் சுமந்துகொண்டு, மேல்வாசலை நாடிச் செல்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறமாகத் தொண்டைக்கு இறங்கி, நாம் அறியாமலே விழுங்கப்பட்டு, வயிற்றுக்குள் போய் அழிகிறது. இரவும் பகலும் ஓயாது நடக்கும் துப்புரவு வேலை இது.

இந்த மயிர்களின் பிடிவாதம் அதிசயமானது. பீனிசத்துக்கு 1893-ல் நியூயார்க்கில் கால்ட்வெல் என்பவரும், 1897-ல் பாரிஸில் லூக் என்பவரும் ஒரு ரண சிகிச்சை வகுத்தார்கள். மேலுதட்டுக்கு உட்புறமாக எலும்பைத் துளைத்துக் கன்னத்து அறையைத் திறந்து, மூக்கின் பக்கமாகத் தாழ்வான இடத்தில் புதிதாக ஒரு ஜன்னல் வைத்துவிடுவது என்பது ஏற்பாடு. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது குழந்தைக்கும் தெரிந்த நியாயம் அல்லவா? பல ஆண்டுகள் அப்படியே செய்து வந்தார்கள். ஆனால் ஆஸ்திரியா தேசத்துக் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் என்னும் நிபுணர் மெல்லிய தொலைநோக்குக் குழாய்களை மூக்கில் விட்டுப் பொறுமையுடன் ஆராய்ந்து 1978-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சளியானது தாழ்வான புது ஜன்னலைச் சுற்றிக்கொண்டு, எட்டியும் பாராமல், பழைய மேல்வாசலுக்கே போகிறது என்பது இத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்து தெளிவாயிற்று. பிறந்த வீட்டுப் பாதையை மறக்காத பசுவைப் போல மயிர்கள் தங்கள் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. அந்த ஒரே வாசல் அடைபட்டால், அறை முழுவதும் குட்டையாகிவிடுகிறது.

குழந்தைகளின் தீராத பீனிசத்துக்குக் காரணத்தை அறைக்குள் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. காரணம் வாசலிலும், வாசலுக்கு அப்பாலும் இருக்கிறது. மருந்தோ அறைக்குள் இருக்கும் கிருமியைக் குறிவைத்துக் கொடுக்கப்படுகிறது. கிருமி சாகிறது, வாசல் திறக்கவில்லை, புதிய கிருமி வந்து குடியேறுகிறது.

ஆனால் இதற்கு முன் இன்னொரு கேள்வி உண்டு. குழந்தைக்கு இருப்பது பீனிசந்தானா?

சிறு குழந்தைகளுக்கு ஒரு வருஷத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை வரை ஜலதோஷம் பிடிப்பது சகஜம். பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வருஷத்தில் அதற்கு மேலும் போகும். ஒவ்வொன்றும் பத்து நாள் நீடித்தால், மழைக்காலத்தில் ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ‘மூன்று மாதமாக விடாத சளி’ என்று தாயார் சொல்வது சில சமயம் மூன்று வெவ்வேறு ஜலதோஷங்களின் கதைதான். நடுவில் நாலைந்து நாளாவது மூக்கு நன்றாகச் சுத்தமாக இருந்ததா என்று டாக்டர் கேட்பது இதற்காகவே. ஜலதோஷத்தை உண்டாக்குபவை வைரஸ்கள்; கிருமி நாசினி மருந்துகளுக்கு அவற்றின் மேல் யாதொரு அதிகாரமும் கிடையாது. நூறு ஜலதோஷங்களில் ஏறக்குறைய ஐந்து முதல் பத்து வரைதான் பாக்டீரியாப் பீனிசமாக மாறுகின்றன. அதிலும் 12 வாரங்களுக்கு மேல் இடைவிடாமல் நீடிப்பதைத்தான் நாட்பட்ட பீனிசம் என்று சொல்கிறார்கள்.

சளி பச்சையாகிவிட்டது என்பதும் சாட்சியல்ல. நம் ரத்தத்து வெள்ளை அணுக்களிலுள்ள ஒரு பொருளின் நிறந்தான் அந்தப் பச்சை. சாதாரண ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள், நாலாம் நாள் அது தோன்றி மறையும். படம் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். 1994-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், வெறும் ஜலதோஷம் பிடித்திருந்த 31 வயதுவந்தவர்களின் மூக்கறைகளை ஸி.டி. ஸ்கான் என்னும் நுண்படம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 87 பேருக்குக் கன்னத்து அறை கோளாறாகக் காணப்பட்டது. கிருமி நாசினி ஒன்றும் கொடுக்காமலே இரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு அது சரியாகிவிட்டது. அந்த முதல் வாரத்துப் படத்தை மட்டும் பார்த்தவர் என்ன சொல்லியிருப்பார்? சாதாரணப் பீனிசத்துக்குப் படம் எடுக்கவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2013-ல் வெளியிட்ட விதிகளில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு பக்கத்து நாசியில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வடிந்தால் அது பீனிசம் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது பெரும் பிசகு. உள்ளே ஒரு புளியங்கொட்டையோ, மணியோ, பென்சிலின் ரப்பர்த் துண்டோ இருக்கக்கூடும். குழந்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது! விளையாட்டுச் சாமான்களில் வரும் பொத்தான் போன்ற சிறு பாட்டரியாக இருந்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே மூக்கின் நடுத்தண்டைப் பொசுக்கிவிடும். அதற்கு மறு நாள் வரை காத்திருக்கக் கூடாது.

சரி, இவற்றையெல்லாம் கழித்த பின்னும் மெய்யாகவே நாட்பட்ட பீனிசம் என்று உறுதியாயிற்று. வாசலை அடைப்பது யார்?

முதல் குற்றவாளி மூக்கின் பின்புறத்தில், உள்நாக்குக்கு மேலே மறைந்து உட்கார்ந்திருக்கிறது. அடினாய்டு என்று பெயர். தொண்டையில் தெரியும் டான்ஸிலுக்கு இது தம்பி முறை. இதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தவர் டென்மார்க்கு தேசத்துக் கோப்பன்ஹேகன் நகரத்து டாக்டர் வில்ஹெல்ம் மேயர். காது மந்தமும், மூக்கடைத்த குரலும் உடைய ஓர் இளம் பெண் அவரிடம் வந்தாள். மேயர் தம் விரலை அவள் வாய்க்குள் விட்டு, உள்நாக்குக்குப் பின்னால் வளைத்துத் தடவிப் பார்த்தார். மெத்தென்று ஒரு சதை வளர்ச்சி தட்டுப்பட்டது. 1868-ல் அவர் இதை வெளியிட்ட பிறகு, வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தைகளையும், ‘மந்த புத்தி’ என்று உபாத்தியாயர்களிடம் அடி வாங்கிய குழந்தைகளையும் ஜனங்கள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் புத்தியில் கோளாறு இல்லை. காது சரியாகக் கேட்கவில்லை, இரவில் சரியான உறக்கம் இல்லை, அவ்வளவுதான். கோப்பன்ஹேகனில் மேயருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், வைக்க வேண்டியதுதான்.

ஆனால் அடினாய்டு செய்யும் தீங்கு அதன் பருமனால் மட்டும் வருவதல்ல. இது சமீப காலத்தில் தெரிந்த சங்கதி. கிருமிகள் தனித்தனியாகத் திரியும்போது மருந்துக்கு எளிதில் இரையாகின்றன. ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, கூட்டமாகச் சேர்ந்து, கோழை போன்ற ஒரு போர்வையைத் தாங்களே உண்டாக்கி அதற்குள் பதுங்கிக்கொண்டால் கதை வேறு. குளத்துப் படித்துறையில் வழுக்கும் பாசியைப் போன்றது அது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, வெளியே திரிவதற்கு வேண்டியதைப் போல ஆயிரம் மடங்கு வரை கூட மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவு மருந்தைக் கொடுத்தால் கிருமிக்கு முன் குழந்தை தாங்காது. 2006-ல் அமெரிக்காவில் சில டாக்டர்கள் பீனிசக் குழந்தைகளிடமிருந்து எடுத்த அடினாய்டுகளை எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். மேற்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இந்தக் கிருமிப் படலம் மூடியிருந்தது. தூக்கத்தில் மூச்சடைப்பதற்காக மட்டும் எடுக்கப்பட்ட அடினாய்டுகளில் அது நூற்றுக்கு இரண்டு பங்குதான். சோதிக்கப்பட்ட குழந்தைகள் சிலரே ஆயினும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இப்போது அந்தப் பதினோராவது நாளின் இரகசியம் விளங்குகிறது அல்லவா? பத்து நாள் மருந்து, அறைக்குள் அலைந்துகொண்டிருந்த கிருமிகளைக் கொன்றது. படலத்துக்குள் இருந்தவை பதுங்கியிருந்தன. மருந்து நின்றதும் அவை புறப்பட்டு வந்து மீண்டும் அறைகளை நிரப்பின. குழந்தை குடித்த மருந்து கலப்படமும் அல்ல. டாக்டர் கெட்டிக்காரர் அல்லாதவரும் அல்ல.

கிருமிகளிடம் வேறு தந்திரங்களும் உண்டு. மொராக்ஸெல்லா என்ற கிருமியில் அநேகமாக எல்லாமே பெனிசிலின் வகை மருந்தைத் துண்டாடும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. ஹீமோபிலஸிலும் பல அப்படியே. ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளில் நிறுத்துவதும், போன தடவைச் சீட்டைக் காட்டிக் கடையில் தாமே வாங்கிக் கொடுப்பதும், அண்ணனுக்கு மிஞ்சியதைத் தம்பிக்குப் புகட்டுவதும் இத்தகைய கிருமிகளைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் பண்ணைத் தொழில் அன்றி வேறில்லை. ‘ஹீமோபிலஸுக்குத்தான் தடுப்பூசி போட்டோமே!’ என்று சிலர் கேட்பதுண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் அந்த ஊசி 2011-ல் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான் அரசாங்கத் திட்டத்தில் தொடங்கியது; நாம் பெருமைப்படலாம். ஆனால் அது மூளைக் காய்ச்சலை உண்டாக்கும், உறையணிந்த பி வகைக்கு மட்டுமே எதிரி. மூக்கறையில் குடியிருப்பது உறையில்லாத வேறு வகை. நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசி 2017 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்டு 2021-ல் தேசம் முழுவதற்கும் வந்திருக்கிறது. அதன் பயன் மூக்கறைக்கும் உண்டு.

வாசலை அடைக்கும் இரண்டாவது குற்றவாளி வீக்கம். உட்சுவர் சற்று வீங்கினால் போதும், குழந்தையின் சின்னஞ்சிறு வாசல் மூடிக்கொள்ளும். ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு மெத்தை, தலையணைகளில் வாழும் தூசிப் பூச்சியும், சமையலறைக் கரப்பான் பூச்சியின் கழிவும் ஓயாத வீக்கத்தை உண்டாக்கும். புகையைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே சங்கடம். சிகரெட்டுப் புகை கெடுதி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு குழந்தையின் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள்! ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிப்படும் நுண்ணிய தூள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை புகைப்பதற்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. கொசுவலை கட்டினால் குழந்தையும் தூங்கும், மூக்கும் தூங்கும். எண்ணெய் ஸ்நானத்துக்குப் பின் சிசுவின் தலையைக் காட்டும் சாம்பிராணிப் புகையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. மணம் இருப்பதால் புகை புகையல்லாமல் போய்விடாது. அந்த ஸ்நானத்தின்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் உறுதியாக நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குவதைத் தென்னிந்திய டாக்டர்கள் 1970-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீக்கத்துக்கென்று கடைகளில் கிடைக்கும் மூக்குச் சொட்டு மருந்து உடனே வாசலைத் திறக்கும். நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் முன்னிலும் அதிகமாக அடைக்கும். டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டுத் தூவல் மருந்து இதற்கு நேர்மாறானது. பெயரைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுகிறார்கள். இரண்டு நாள் போட்டுப் பார்த்துப் பலன் இல்லை என்று தூக்கி எறிகிறார்கள். மூக்கோடு நின்றுவிடும் சிறிய அளவு அது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூக்கின் நடுத்தண்டை நோக்கி அடிக்காமல், காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான சிகிச்சை உப்புத் தண்ணீர். நம் நாட்டு ஹடயோகிகள் ஜலநேதி என்ற பெயரால் மூக்கைக் கழுவுவதை நித்திய கருமமாகவே செய்து வந்தார்கள். 2011-ல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், நாட்பட்ட பீனிசமுள்ள 40 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் ஒரு வேளை வெறும் உப்பு நீர். மற்றதற்கு அதே நீரில் ஜெண்டமைஸின் என்ற வலுவான கிருமி நாசினியும் கலந்தது. ஆறு வாரம் கழித்து இரு பிரிவினருமே நன்றாகத் தேறியிருந்தார்கள். மருந்து கலந்ததால் அதிக லாபம் ஒன்றும் காணோம்! வேலை செய்தது கழுவுதல்தான். கால் லிட்டர் நீருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிராம் உப்பு கணக்கு. நீரைக் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறவிட்டே உபயோகிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கழுவிய இருவர், அதிலிருந்த அமீபாக் கிருமி மூளைக்கு ஏறி, அமெரிக்காவின் லூயிஸியானா மாகாணத்தில் 2011-ல் இறந்துபோனார்கள். சிறு குழந்தைக்கு முதலில் டாக்டரோ நர்ஸோ செய்து காட்டிய பிறகு வீட்டில் தொடங்குவது நல்லது. முதல் நாள் குழந்தை ஊரைக் கூட்டும். ஒரு வாரத்தில் தானே குவளையை எடுத்துக்கொண்டு வரும்.

கழுவியும், தூவல் மருந்து போட்டும், பொருத்தமான கிருமி நாசினியை முறையாகக் கொடுத்தும் தீரவில்லை என்றால், அடினாய்டை எடுத்துவிடுவதுதான் அடுத்த படி. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2008-ல் கணக்கிட்டதில், இதனால் நூற்றுக்கு ஏறக்குறைய 70 குழந்தைகள் குணமடைகிறார்கள் என்று தெரிந்தது. அடினாய்டு பெரிதாக இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. படலம் சின்னதிலும் படியும். மீதி 30 பேரில் சிலருக்கு, மேல்வாசலையே நுண்கருவிகளால் அகலமாக்கும் சிகிச்சை செய்கிறார்கள். மெஸ்ஸர்கிளிங்கர் வழியில் வந்து 1980-களில் பரவிய முறை இது. புதிய ஜன்னல் வைப்பதில்லை. இயற்கை வைத்த வாசலையே சீர்செய்கிறார்கள். குழந்தையின் முக எலும்பு வளர்ச்சியை இது குன்றச் செய்யுமோ என்ற பயம் வெகு நாள் இருந்தது. சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பத்தாண்டுகள் கழித்து அளந்து பார்த்ததில் அப்படி ஒன்றும் காணப்படவில்லை.

ஒன்று மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதது. கண்களுக்கு நடுவிலுள்ள அறைகளுக்கும் கண்குழிக்கும் இடையே இருக்கும் எலும்புக்குக் ‘காகிதத் தகடு’ என்ற பொருளில்தான் சாஸ்திரத்தில் பெயர். அவ்வளவு மெல்லியது. சளியோடு ஜுரமும் இருந்து, கண் இமை சிவந்து வீங்கினாலும், கண் பிதுங்கினாலும், பார்வை மங்கினாலும், தாங்காத தலைவலியுடன் வாந்தி எடுத்தாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒன்றுக்கும் மசியாத குழந்தைகள் வெகு சிலர் உண்டு. அவர்களிடம் கோளாறு வாசலிலும் இல்லை. நோய் எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே குறைந்தவர்கள் சிலர். சிறு வயதிலேயே மூக்கினுள் சதைக் காய்கள் தொங்கினால், சளியைப் பசை போலத் தடிக்கச் செய்யும் ஸிஸ்டிக் பைப்ராஸிஸ் என்ற பிறவி நோயாக இருக்கலாம். வியர்வையில் உப்பின் அளவைச் சோதித்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது, 1933-ல் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த கார்ட்டகெனர் என்ற டாக்டர் விவரித்த நான்கு நோயாளிகளின் கதை. அவர்களுக்குத் தீராத பீனிசம், மார்ச்சளி, அத்துடன் இருதயம் வலப்பக்கத்தில் இருந்தது! மூக்குக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1976-ல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளரான அப்ஸீலியஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார். முன்னே சொன்னோமே, நெல் வயலைப் போல அசையும் நுண்மயிர்கள், அவற்றை அசைக்கும் சிறு கைகள் போன்ற உறுப்பு இவர்களுக்குப் பிறவியிலேயே இல்லை. கருவில் உடம்பு உருவாகும்போது இருதயத்தை இடப்பக்கம் வைப்பதும் அதே வகை மயிர்களின் அசைவுதான். அசைவு இல்லாதபோது இருதயம் பாதிப் பேருக்கு இடத்திலும் பாதிப் பேருக்கு வலத்திலும், காசு சுண்டிப் போட்டாற் போல, அமைந்துவிடுகிறது. பிறந்த சில நாட்களிலிருந்தே ஓயாமல் மூக்கு ஒழுகும் குழந்தையின் மார்பைச் சில டாக்டர்கள் வலப்பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பு வைத்துக் கேட்கிறார்களே, அது இதற்காகத்தான்.